வைண்டிங் கடை ஸ்லீவும் என் பலுனும்

பொள்ளாச்சி பக்கம் எங்கள் தோப்பில், ஹாம் ரேடியோ என்னும் பொழுதுபோக்கு ரேடியோவுக்காக இரண்டு தென்னைக்கு நடுவே ஒரு கம்பி ஆண்டெனா கட்டினேன். ஃபீட், அதாவது ரேடியோவிலிருந்து வரும் லைன் சேரும் இடம், நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும் வகை. அந்த இடத்தில் இம்பீடன்ஸ் (ரேடியோ அலைக்கான மின்தடை மாதிரி) சுமார் 200 ஓம், ரேடியோவோ 50 ஓம், ஆக இரண்டையும் பொருத்த 1:4 பலுன் என்னும் இணைப்பு வேண்டும். 1944இல் குவானெல்லா என்ற பொறியாளர் சொன்ன முறையை எடுத்து, ஃபெரைட்டில் செய்தேன்: இரண்டு ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையம், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடிக் கம்பி, ரேடியோ பக்கம் ஜோடிகள் பேரலல், ஆண்டெனா பக்கம் சீரிஸ்.

கம்பிக்கு மோட்டார் வைண்டிங் கடை அண்ணனிடம் போனேன். 19 கேஜ் எனாமல் கம்பி கொடுத்தார். இறுக்கி முறுக்கி வளையத்துக்குப் பத்து சுற்று, அதாவது 40 செ.மீ. கம்பி. மேலே ஏற்றும் முன் 200 ஓம் ரெசிஸ்டர் வைத்து நானோ விஎன்ஏ என்ற சின்ன அளவுக் கருவியில் பார்த்தால் 7 மெகாஹெர்ட்சில் எஸ்டபிள்யூஆர் (பொருத்தத்தின் அளவு, 1 என்றால் கச்சிதம்) அருமை, 28இல் 1.8.

"ஏனுங் தம்பி, இதுக்கு எதுக்குங்க இவ்வளவு ரோசனை? அஞ்சு சுத்து சேத்திப் போடுங்க" என்றார் அண்ணன். போட்டேன். 28இல் 2.3 ஆகிவிட்டது!

அவர் மேல் தப்பில்லை, அவர் அறிந்த டிரான்ஸ்ஃபார்மரில் சுற்றுக் கணக்குதான் எல்லாம். இங்கே அந்த ஜோடிக் கம்பியே அலை ஓடும் ஒரு லைன், அதற்கென்று ஒரு இம்பீடன்ஸ் உண்டு, அதைத் தீர்மானிப்பது கம்பியின் தடிமனும் இடைவெளியும். எனக்கு வேண்டியது 100 ஓம், ஏனென்றால் இரண்டு 100 பேரலலில் 50, சீரிஸில் 200. நான் இறுக்கி முறுக்கியதில் அது 45 பக்கம் வந்திருக்கும். 7இல் அலைநீளம் 40 மீட்டருக்கும் மேல், அங்கே 40 செ.மீ. ஒரு பொருட்டே இல்லை. 28இல் அலைநீளம் பத்து மீட்டர் சொச்சம்தான், அங்கே 40 செ.மீ. கணக்கில் வரும், அதனால் சுற்று கூடக்கூடத் தப்பான லைன்தான் நீண்டது.

அப்புறம் அவர் கடையிலேயே, காயில் முனைகளுக்குப் போடுவார்களே, அந்த இன்சுலேஷன் குழாயை, அதாவது ஸ்லீவை, ஒவ்வொரு கம்பிக்கும் மாட்டி, முறுக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி பத்தே சுற்று. இடைவெளி கூடியதால் லைன் 100 ஓம் பக்கம் போயிருக்கும், 28இல் 1.2க்குக் கீழே வந்தது. ஒரு சாயங்காலம் முழுக்க இதற்கே போயிற்று, அண்ணன் ஸ்லீவுக்குக் காசும் வாங்கவில்லை.

இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் போயிருக்கிறேன். அங்கே இந்த ஃபெரைட் எடுபடாது. எஃப்ஆர்4 என்னும் சர்க்யூட் போர்டில் கால் அலை நீளத்துக்கு ஒரு செப்புப் பட்டை, சுமார் 17 மி.மீ.; 50ஐயும் 100ஐயும் சேர்க்க அது 70.7 ஓமாக இருக்க வேண்டும், அகலம் ஒன்றரை மி.மீ. சொச்சம். போர்டை அண்ணனிடம் காட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுத்து எங்கீங்க தம்பி?" என்றார்.