தளித் தோட்டம் (குடும்பம் மட்டும்)

20 மே 2025, செவ்வாய்

காலை 7.12, சிவராமன் சித்தப்பா:
அனைவருக்கும் வணக்கம். அண்ணாவின் எண்பது வயது முத்துவிழாவுக்கு இன்னும் ஐந்து நாள்களே இருக்கின்றன. நேற்று இரவு தோட்டத்திலிருந்து முனியப்பா பேசினார். வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே பந்தல் போடலாம் என்று நாம் முடிவு செய்த இடத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. சற்று மேடாக இருக்கும் ஓரத்திலாவது கால் நடலாம் என்று பந்தல்காரர் தோண்டிப் பார்த்தாராம். அரை அடி போவதற்குள் ஊற்றுப் போலத் தண்ணீர் வந்து குழியை நிரப்பிவிட்டது. படத்தைப் பாருங்கள்.

காலை 7.13, சிவராமன் சித்தப்பா:
(புகைப்படம்)

காலை 7.31, கதிர் அண்ணா:
கத்திரியே இன்னும் முடியவில்லையே, சித்தப்பா.

காலை 7.40, மல்லிகா அத்தை:
அது ஏரியா, நம் வாசலா?

காலை 7.58, சிவராமன் சித்தப்பா:
கத்திரி 28-ஆம் தேதி வரை இருப்பது உண்மைதான். ஆனால் சித்திரை, வைகாசியில் நம் பக்கம் மாம்பழ மழை பெய்வது புதிதல்ல. பகல் முழுவதும் நிலம் கொதித்து, மாலையில் இடி மின்னலோடு ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு, மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும். இந்த முறை காய்வதற்கு இடைவெளியே கிடைக்கவில்லை என்பதுதான் சிக்கல். நம் தோட்டத்தில் மேலே ஓர் அடிக்குச் செம்மண். அதற்குக் கீழே களி, அதற்கும் கீழே பாறை. மேல்மண் ஒரு முறை ஊறிவிட்டால், அடுத்துப் பெய்யும் மழைக்குக் கீழே இறங்க இடமில்லை. அது சரிவைத் தேடி ஓட வேண்டும் அல்லது நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இதற்கிடையில் பருவமழை 27-ஆம் தேதி வாக்கில் கேரளத்தில் தொடங்கும் என்றும், நான்கு நாள் முன்பின் ஆகலாம் என்றும் வானிலைத் துறை சொல்லியிருக்கிறது. வழக்கமான நாள் ஜூன் 1 என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

காலை 8.05, மல்லிகா அத்தை:
அப்பா இருந்திருந்தால் மார்கழியில் மேகம் ஓடும் கர்ப்போட்டம் பார்த்தே இதைச் சொல்லியிருப்பார்.

காலை 8.07, கதிர் அண்ணா:
தாத்தா சொன்னதில் பாதிதான் பலிக்கும் என்று அப்பாவே சொல்வார், அத்தை.

காலை 8.09, மல்லிகா அத்தை:
பாதியாவது பலித்தது. உன் கைப்பேசி ஞாயிற்றுக்கிழமை மாலை வெயில் என்று காட்டியது. அன்றைக்குத்தான் நான் பெங்களூரில் சில்க் போர்டு பக்கத்தில் பேருந்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

காலை 8.30, ராஜு மாமா:
இரண்டு லோடு ஜல்லி கொட்டினால் தீர்ந்துவிடும் விஷயத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய கட்டுரை?

காலை 9.02, சிவராமன் சித்தப்பா:
மாப்பிள்ளை, தண்ணீர் வடியாத இடத்தில் ஜல்லி கொட்டினால், அது ஒரே நாளில் சேற்றுக்குள் இறங்கிவிடும். இரண்டு லோடு பணமும் அதோடு இறங்கும். முதலில் நீரை வெளியேற்ற வேண்டும், பிறகு ஈரத்தை வழித்தெடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் 40 மி.மீ. ஜல்லி, மேலே கிரஷர் தூள். கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஏக்கரில் 100 மி.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் தண்ணீர். போன வருடம் மார்ச்சில் நாம் பெங்களூரில் தவமிருந்து வாங்கினோமே, அந்த 12,000 லிட்டர் டேங்கர்களில் எண்ணினால் 33-க்கும் மேல். மேற்கே இருக்கும் மாந்தோப்பு, பாறைமேடு இரண்டிலிருந்தும் இறங்கும் தண்ணீர் முழுவதும் நம் வாசல் வழியாகத்தான் கிழக்கே ஓடைக்குப் போக வேண்டும். 2019 வரை போய்க்கொண்டும் இருந்தது.

காலை 9.04, ராஜு மாமா:
2019 வரை என்றால் என்ன பொருள்?

காலை 9.05, நித்யா:
அப்பா, வேண்டாம்.

காலை 9.20, சிவராமன் சித்தப்பா:
தவறாக எண்ண வேண்டாம். 2019-ல் போட்ட ரோடு சரிவுக்குக் குறுக்கே, ஓர் அடி உயரத்தில், முந்நூறு அடி நீளத்துக்கு ஓடுகிறது. அதன் அடியில் ஒரு குழாய்கூட வைக்கவில்லை. அது ரோடு மட்டுமல்ல, அணையும்கூட என்பதை மட்டும் சொல்கிறேன்.

காலை 9.22, ராஜு மாமா:
அந்த அணை மேல்தான் ஆறு வருடமாக உங்கள் காரும் வந்து போகிறது, மச்சான்.

காலை 9.23, கதிர் அண்ணா:
🙏

காலை 9.41, பூங்கொடி அண்ணி:
ரோட்டைப் பிறகு பேசிக்கொள்ளலாமா? நூற்றிருபது பேர் வருகிறார்கள். கழிவறைக்கு என்ன ஏற்பாடு?

காலை 10.10, சிவராமன் சித்தப்பா:
நல்ல கேள்வி, பூங்கொடி. செப்டிக் தொட்டியை அடுத்த உறிஞ்சுகுழியைச் சுற்றி நிலம் நீரால் நிறைந்திருப்பதால், உள்ளே விடும் தண்ணீர் வெளியேறாது. பத்துப் பேர் பயன்படுத்தியதும் திரும்பி மேலே வரும். தொட்டியை உறிஞ்சும் வண்டியைக் கூப்பிட்டுக் காலி செய்யலாம் என்றால், அந்தக் கனமான வண்டி ஈர நிலத்தில் புதைந்துவிடும். ஆகவே வாசலில் தண்ணீர் வடிவதே இதற்கும் தீர்வு.

காலை 10.12, பூங்கொடி அண்ணி:
அப்படியானால் மீண்டும் ரோட்டுக்கே வந்துவிட்டோம்.

காலை 10.30, நித்யா:
அல்சூரில் ஒரு சிறிய மண்டபம் ஞாயிறு காலைக்குக் காலியாக இருக்கிறது. இன்று மாலைக்குள் முன்பணம் கொடுத்தால் வைத்துக்கொள்வார்கள். பெரிய மாமாவுக்கும் நடக்கும் தூரம். சொல்லுங்கள்.

காலை 10.34, மல்லிகா அத்தை:
பெரியண்ணா தோட்டத்தில்தான் வேண்டும் என்று பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காலை 10.35, நான்:
பெரியப்பா எல்லாவற்றையும் படித்துவிட்டார்.

காலை 10.36, கதிர் அண்ணா:
அப்பா படிப்பார். எழுத மாட்டார்.

22 மே 2025, வியாழன்

காலை 6.48, சிவராமன் சித்தப்பா:
நேற்று மாலை மீண்டும் மழை. முனியப்பா வாசலில் வைத்த பெயிண்ட் வாளியில் நான்கு விரல் தண்ணீர் இருந்ததாம். அந்த வாளி அடியில் குறுகி மேலே அகன்றிருப்பதால் உண்மையான அளவு அதைவிடக் குறைவு என்று விளக்கினேன். அவர், “சாமி, வாளி பொய் சொல்லும், என் கால் பொய் சொல்லாது” என்றார்.

காலை 6.55, மல்லிகா அத்தை:
முனியப்பா வாழ்க.

காலை 7.20, சிவராமன் சித்தப்பா:
விழா எங்கே நடந்தாலும் தோட்டத்தில் இந்த வாரம் செய்தே ஆக வேண்டியவை சில உண்டு. தென்னைகளைச் சுற்றிக் கோடைக்காக நாம் கட்டிய வட்டப் பாத்திகளின் கிழக்குக் கரையை வெட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. இளம் தென்னைகளின் குருத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இழுத்தால் கையோடு வந்தால் அது குருத்தழுகல், அழுகியதை நீக்கிவிட்டுப் போர்டோ பசை தடவ வேண்டும். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. பிளாஸ்டிக் வாளியில்தான் கரைக்க வேண்டும், இரும்பு வாளி கூடாது. டிராக்டரை எந்தக் காரணத்துக்காகவும் ராகி நிலத்தில் இறக்கக் கூடாது. சித்திரை உழவு பத்தரை மாற்றுத் தங்கம் என்பார்கள், ஆனால் அது புழுதி உழவைப் பற்றிய பேச்சு. ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்து கீழே போட்டால் உதிர வேண்டும்; உருண்டையாகவே நின்றால் இன்னும் ஈரம் என்று பொருள். அந்த ஈரத்தில் உழுதால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து, காய்ந்ததும் செங்கல்லாகிவிடும்.

காலை 7.24, கதிர் அண்ணா:
மாங்காய்?

காலை 7.31, சிவராமன் சித்தப்பா:
செவ்வாய் இரவுக் காற்றில் பெங்களூரா ரக மாங்காய் மட்டும் இரண்டு மூட்டை உதிர்ந்திருக்கிறது. அடிபடாதவற்றைப் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். அழுகியதை மரத்தடியில் விட்டால் பழ ஈ பெருகும். இரண்டு அடி ஆழத்தில் புதைக்கச் சொல்லியிருக்கிறேன். மரத்தில் மிச்சமிருப்பதை யானைகள் பார்க்காமல் இருந்தால் சரி. ஜவளகிரிக் காடு பக்கத்தில்தான் இருக்கிறது.

காலை 7.33, மல்லிகா அத்தை:
ஒரு மூட்டை எனக்கு. போன வருடம் ஒன்றுகூட வரவில்லை. யார் வீட்டுக்குப் போயின என்பது எனக்குத் தெரியும்.

காலை 7.34, பூங்கொடி அண்ணி:
அத்தை, போன வருடம் நான் கொடுத்து அனுப்பிய பையை அனுப்பிய இடத்தில் கேளுங்கள்.

காலை 7.35, நித்யா:
ஊறுகாய் போட்டது நான்தான், அம்மா. சாப்பிட்டது நீங்கள்தான்.

காலை 8.15, பூங்கொடி அண்ணி:
குழந்தைகள் வருகிறார்கள், பாம்பைப் பற்றி யாராவது யோசித்தீர்களா? வளையில் தண்ணீர் புகுந்தால் அவை வீட்டுப் பக்கம்தானே ஏறும்?

காலை 8.40, சிவராமன் சித்தப்பா:
ஏறும். விறகுக் குவியலையும் பழைய ஓடுகளையும் சுவரை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லியாயிற்று. இருட்டியபின் டார்ச் இல்லாமல் யாரும் வெளியே கால் வைக்கக் கூடாது. கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். அதைவிட எனக்குக் கவலை தருவது மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிதான். அதன் கதவு மூடுவதில்லை, சாரல் நேராக உள்ளே போகிறது. மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியன் வந்து 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு சுவிட்ச் மாட்டும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது என்று முனியப்பாவிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். இடி கேட்டால் மாமரத்தடியிலும் இரும்புப் பந்தலடியிலும் நிற்காமல் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே வெளியே போக வேண்டும்.

காலை 8.44, கதிர் அண்ணா:
நூற்றிருபது பேரும் அரை மணி நேரம் அந்த இரண்டு அறைகளுக்குள்ளா?

காலை 8.50, நித்யா:
மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

காலை 8.51, மல்லிகா அத்தை:
யாரும் சரி என்றும் சொல்லவில்லையே, நித்யா.

இரவு 9.17, ராஜு மாமா:
ஒன்றை மட்டும் பதிவு செய்கிறேன். 2019-ல் அந்த ரோடு போடும்போது அதில் ஒரு பைசாகூட யாரிடமும் நான் கேட்கவில்லை. மழை வந்தால் மாமனாரின் காரியத்துக்குக்கூடக் காரை ஒரு கிலோமீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு, சேற்றில் நடந்து வந்த குடும்பம் இது. குழாய் வைக்கவில்லை என்பது என் தவறு. காண்டிராக்டர் தேவையில்லை என்றார், நான் நம்பினேன். இப்போது வெட்ட வேண்டும் என்றால், விழா முடிந்தபின் நானே ஆள் அனுப்பி வெட்டித் தருகிறேன்.

இரவு 9.25, சிவராமன் சித்தப்பா:
மாப்பிள்ளை, இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன். ரோடு பத்தடி அகலம். ஹியூம் குழாய் (கான்கிரீட் குழாய்) இரண்டரை மீட்டர் நீளத்தில் வருவதால் இரண்டு வேண்டும், விட்டம் இரண்டு அடிக்குக் குறையக் கூடாது, சருகு அடைக்காமல் இருக்க வாயில் கம்பி வலை வேண்டும். கிழக்கு நோக்கிச் சற்றே சரிவாக வைக்க வேண்டும்.

இரவு 9.26, கதிர் அண்ணா:
எதுவும் சொல்ல மாட்டேன் என்றீர்களே, சித்தப்பா.

24 மே 2025, சனி

காலை 6.20, சிவராமன் சித்தப்பா:
முனியப்பா அனுப்பிய படத்தைப் பாருங்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

காலை 6.20, சிவராமன் சித்தப்பா:
(புகைப்படம்)

காலை 6.24, நான்:
வாசலில் தண்ணீரே இல்லையே?

காலை 6.26, மல்லிகா அத்தை:
அந்தக் கல் பலகை என்ன? நம் அப்பா வைத்த மதகு மாதிரி இருக்கிறது.

காலை 6.31, சிவராமன் சித்தப்பா:
அதுதான். 1978-ல் அப்பா வைத்த கல் மதகு. உடைத்து எடுத்துவிட்டார்கள் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ரோட்டுக்கு மண் அடிக்கும்போது இரண்டு பக்க வாயையும் மூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நேற்று மாலை முனியப்பாவும் அவர் மகனும் மண்வெட்டி, கடப்பாரையோடு இரண்டு வாயையும் திறந்துவிட்டிருக்கிறார்கள். இரவோடு இரவாக நீர் ஓடைக்குப் போய்விட்டது. மதகின் இடம் அவருக்கு எப்படித் தெரிந்தது? அவர் வேலைக்குச் சேர்ந்ததே 2021-ல்தான்.

காலை 6.33, ராஜு மாமா:
ரோட்டின் ஓரம் சரிந்திருக்கிறது. படத்திலேயே தெரிகிறது. யாரைக் கேட்டு இதைச் செய்தார்?

காலை 6.40, பெரியப்பா:
நான்தான் சொன்னேன். மூன்றாவது தென்னைக்கு நேரே, வரப்பிலிருந்து எட்டுக் காலடி தூரம். அந்தப் பலகையைத் தூக்கி வைத்தபோது ஒரு முனையைப் பிடித்தவன் நான். மாப்பிள்ளை, ரோட்டைக் குறை சொல்லவில்லை.

காலை 6.41, கதிர் அண்ணா:
அப்பா எழுதிவிட்டார்!

காலை 6.52, சிவராமன் சித்தப்பா:
அண்ணா, செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கலாமே?

காலை 7.10, பெரியப்பா:
நீ எழுதி முடிப்பாய் என்று காத்திருந்தேன்.

பிற்பகல் 1.05, சிவராமன் சித்தப்பா:
கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இன்று தொடங்கிவிட்டதாக வானிலைத் துறை அறிவித்திருக்கிறது. வழக்கத்தைவிட எட்டு நாள் முன்னதாக. 2009-ல் மே 23-ஆம் தேதி தொடங்கியதற்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. தண்ணீர் வடிந்தாலும் நிலம் காய நல்ல வெயிலில் மூன்று நாளாவது வேண்டும்; நாளைக்குள் அது நடக்காது. பந்தல் கால் நிற்காது, ஜல்லி லாரியும் சரிந்த ஓரத்தைத் தாண்டி வர முடியாது.

பிற்பகல் 1.20, ராஜு மாமா:
சரிந்த ஓரத்தைக் கட்டுவது யார் செலவு என்பதையும் சேர்த்துப் பேசிவிட்டால் நல்லது.

பிற்பகல் 1.21, மல்லிகா அத்தை:
ஞாயிறு முடியட்டும். தயவு செய்து.

பிற்பகல் 1.45, பெரியப்பா:
நூற்றிருபது பேரும் மண்டபத்தில் சாப்பிடட்டும். நான் காலை ஆறு மணிக்குத் தோட்டத்துக்குப் போய்விட்டுப் பத்து மணிக்கு அங்கே வருகிறேன். வருகிறவர்கள் காரைத் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரலாம். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகல் 1.47, பூங்கொடி அண்ணி:
மாமா, ஆறு மணிக்குப் போய்ப் பத்து மணிக்கு அல்சூர் வர முடியுமா? ஆனேக்கல் வழியாக வந்தால்கூட முடியாது.

பிற்பகல் 1.48, கதிர் அண்ணா:
நான் ஐந்து மணிக்குக் காரை எடுக்கிறேன்.

பிற்பகல் 1.49, ராஜு மாமா:
என் காரில் வரலாம், பெரிய மச்சான். அது உயரமான கார். மதகு வரை போகும்.

பிற்பகல் 1.52, நித்யா:
அப்படியானால் மண்டபக்காரரிடம் இலை போடும் நேரம் எத்தனை மணி என்று சொல்லட்டும்?

பிற்பகல் 2.30, நித்யா:
யாராவது?