மறு: குவாலிட்டி அஷ்யூரன்ஸ்: தர உறுதியா, தரம் பேணலா?

அனைவருக்கும் வணக்கம்.

பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டுப் பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாகச் செய்து தரும் அஜைல் முறை பற்றிய பாடத்தில், குவாலிட்டி அஷ்யூரன்ஸ் என்பதற்குத் தமிழில் என்ன என்ற இந்த ஒரு சொல்தான் இன்னும் இழுக்கிறது.

> சோதனை என்றாலே போதுமே. குறளில் (505) வரும் கட்டளைக்கல்லும் அதுதானே?

கட்டளைக்கல் பொன்னின் தரம் பார்க்கும் உரைகல். அதில் உரைப்பது முடிந்த பொன்னை, ஐயா. வாட்டர்ஃபால் முறைக்கு அது பொருந்தும். நிரல் எல்லாம் எழுதி முடித்துக் கடைசியில்தான் அதைச் சோதிக்கும் டெஸ்டர் கைக்கு வரும். 2001இல் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையோ ஓடுகிற மென்பொருளைச் சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ ஒரு முறை கொடுக்கச் சொல்கிறது. ஸ்பிரிண்ட் எனும் இரண்டு வார வேலைச் சுற்றில் 'கடைசி' என்று தனியாக எதைக் காட்டுவது?

முன்பு நான் இருந்த குழுவில் பேருந்து டிக்கெட் முன்பதிவுக்கு ஒரு ஸ்டோரி, அதாவது பயனருக்கு என்ன வேண்டும் என்ற சிறு குறிப்பு, எழுதினோம். நிரல் ஒரு வரிகூடப் பிறக்கவில்லை. டெஸ்டர் அம்மா கேட்டார்: "பணம் பிடித்த பிறகு நெட் போய்விட்டால் டிக்கெட் உண்டா, இல்லையா?" யாரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்வியையே ஏற்பு நிபந்தனையாக, அதாவது வேலை முடிந்தது என்று ஏற்க நிறைவேற வேண்டியதாக, எழுதிக்கொண்டோம். இந்த வேலைக்குத்தான் பெயர் தேடுகிறேன்.

> தர உத்தரவாதம்?

வடசொல் என்பதற்காக மறுக்கவில்லை. மிக்சிக்குக் கடைக்காரர் தரும் ஓராண்டு உத்தரவாதம்தான் மாணவர் மனத்தில் வரும். தரக் கட்டுப்பாடு வேறு வேலை, அதைத் தொட வேண்டாம்.

> பேணல் என்றால் 'தரப்பேணல்' என ஒற்று மிகாதா?

இரண்டாம் வேற்றுமைத் தொகை. 'பாடம் படித்தான்' போல இயல்பாகவே நிற்கும். ஓம்பல் என்று சொன்னவருக்கு: அழகான சொல், ஆனால் இன்று விருந்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 'உடம்பைப் பேணு' என்று வீட்டில் இன்னும் சொல்கிறார்கள். பேண் என்பதிலிருந்து பெண் வந்ததா என்று பேச எனக்கும் ஆசைதான். அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

பெரும்பாலோர் 'தர உறுதி' என்கிறீர்கள். சரி, அச்சில் அதையே போடுகிறேன். எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. உறுதி ஒருவர் கொடுப்பதாகவே ஒலிக்கிறது. அஜைலில் நிரல் எழுதுபவரும் சேர்ந்துதான் தரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வகுப்பில் தரம் பேணல் என்றே சொல்லப்போகிறேன்.

அப்புறம், ஸ்பிரிண்டுக்குக் 'குறுவோட்டம்' என்றாரே ஒருவர், அதை நாளை எடுப்போமா?