சோலைக்கிளி, நீலக்குறிஞ்சி: வகைப்பாட்டு அட்டவணையில் சந்தேகம்

கேள்வி:
நீலகிரி சோலைக்கிளியையும் நீலக்குறிஞ்சியையும் ஒப்பிட்டு அட்டவணை போடுகிறேன். பறவையின் பேரினம் (ஜீனஸ்) பழைய நூலில் பிராக்கிப்டெரிக்ஸ், இன்னொன்றில் மயோமெலா, இணையத்தில் சோலிகோலா. எதை எழுதுவது? ஐ.யு.சி.என். (உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) சிவப்புப் பட்டியலில் பறவை ‘அருகிய இனம்’, செடி அதற்கு ஒரு படி கீழான ‘அழிவாய்ப்பு இனம்’ என்றால் செடி எண்ணிக்கையில் அதிகம் என்று அர்த்தமா?

பதில் 1:
சோலிகோலா மேஜர் என்றே எழுதுங்கள். மரபணு ஆய்வை வைத்து 2017இல் உருவான பேரினம் அது. ‘சோலை’யும் ‘வாழ்வது’ என்னும் லத்தீன் ஈறும் சேர்ந்த பெயர். வரிசை பசரிஃபார்மிஸ், குடும்பம் மசிகேப்பிடே, அதாவது ஈப்பிடிப்பான்கள். பெயரில் ‘கிளி’ இருப்பதால் கிளிக் குடும்பத்தில் போட்டுவிடாதீர்கள், அடிக்கடி நடக்கிற தப்பு.

குறிஞ்சி: ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா, வரிசை லாமியேல்ஸ், குடும்பம் அகாந்தேசி. கனகாம்பரமும் ஆடாதோடையும் இதே குடும்பம்தான்.

ஆசிரியர், அதாவது இனத்துக்கு அறிவியல் பெயர் வைத்தவர், பெயரிலும் கவனம். பேரினம் மாறினால் விலங்கியலில் முதலில் பெயரிட்டவர் அடைப்புக்குறிக்குள் போவார், அவ்வளவுதான். தாவரவியலில் மாற்றியவர் பெயரும் அடைப்புக்குறிக்கு வெளியே வரும்.

பதில் 2:
நிலையை வைத்து எண்ணிக்கையைக் கணிக்க முடியாது. இரண்டுக்கும் அளவுகோலே வேறு. பறவைக்குப் பார்த்தது பரப்பு: 5,000 சதுர கி.மீ.க்குள் சுருங்கி, துண்டுபட்டு, இன்னும் குறைந்துவந்தால் ‘அருகிய இனம்’. குறிஞ்சிக்குப் போட்டது ஏ2சி என்னும் அளவுகோல், அதாவது வாழிடம் போனதால் ஏற்பட்ட சரிவு. பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, எது நீளமோ அந்தக் காலத்தில் 30 விழுக்காடாவது குறைந்திருக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்துக் காய்த்துப் பட்டுப்போகும் செடிக்கு மூன்று தலைமுறை என்றால் 36 ஆண்டு! 2006, 2018 என இரண்டு பூப்பை மட்டும் ஒப்பிட்டுச் சரிவைச் சொன்னால் கணக்கு நிற்காது.

பதில் 3:
பறவைப் படம் சேர்ப்பதானால் எங்கே எடுத்தது என்று பாருங்கள். கொடைக்கானல் படம் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே இருப்பது சோலிகோலா அல்பிவென்ட்ரிஸ் என்னும் வேறு இனம், அதன் நிலை ‘அழிவாய்ப்பு’. விலாவில் செம்பழுப்பு இருந்தால் மேஜர். நீலச்சாம்பல் என்றால் அல்பிவென்ட்ரிஸ்.

வாழிடக் கட்டத்தில் இரண்டுக்கும் ‘சோலைக்காடு’ என்று எழுதவும் கூடாது. பறவைக்குச் சோலையின் இருட்டான அடித்தளம். குறிஞ்சிக்கு வெயில் படும் புல்வெளிச் சரிவு. புல்வெளியில் சீகையோ (வாட்டில் மரம்) தைலமரமோ நட்டால் குறிஞ்சிக்குத்தான் முதல் அடி.