புதுப்பிப்பு: டென்வர்ல இருந்து ஸ்கீ (பனிச்சறுக்கு) போக சீசன் பாஸ் வாங்கலாமா?

போன அக்டோபர்ல, டென்வர் பக்கத்து ஸ்கீ மலைகளுக்குப் போக எபிக் சீசன் பாஸ் (சீசன் முழுக்கப் போறதுக்கான பாஸ்) வாங்கலாமா, இல்ல போறப்போ டிக்கெட் எடுத்துக்கலாமான்னு இங்க கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி, சீசன் முடிஞ்சாச்சு.

ரெண்டுமே வேணாம், எபிக் டே பாஸ் (குறிப்பிட்ட சில நாளுக்கு மட்டும் செல்லுற பாஸ்) எடுங்கன்னு ஒருத்தர் சொன்னார் பாருங்க, அதான் எங்களுக்கு சரியா வந்துச்சு. 1 முதல் 7 நாள் வரைக்கும் எத்தனை வேணும்னு முன்னாடியே சொல்லி வாங்கிக்கணும், டிசம்பர் ஆரம்பத்துல விற்பனையை மூடிடுவாங்க, அதுக்கப்புறம் சாதாரண ஒரு நாள் டிக்கெட்தான், அது வேல் (Vail) ஸ்கீ ரிசார்ட் கவுண்டர்ல கூட்டம் அதிகமான நாள்ல ஒரு ஆளுக்கு 300 டாலருக்கு மேல போகுது (அநியாயம்தான்). கிறிஸ்துமஸ் மாதிரி கூட்ட நாள்ல போகணும்னா அந்த நாட்களும் சேர்ந்த பாஸை கொஞ்சம் கூட குடுத்து வாங்கணும்.

எதிர்பாக்காத விஷயம், மலை மேல ஏத்திவிடுற லிஃப்ட்ல டே பாஸ் ஒரு தடவ ஸ்கேன் ஆச்சுன்னா பாஸ்ல ஒரு நாள் போச்சு, குழந்தை அழுது ஒரு மணி நேரத்துல இறங்கினாலும் முழு நாள் கணக்குதான், அதனால சின்னப் பசங்களோட அடிக்கடி போய் கொஞ்ச நேரம் ஆடிட்டு வர்றவங்களுக்கு சீசன் பாஸ்தான் நிம்மதி. இன்னொன்னு, பிரெக்கன்ரிட்ஜ் ஸ்கீ ரிசார்ட்டோட அடிவாரமே 9,600 அடி உயரம், அந்த உயரம் ஒத்துக்காம என் மனைவிக்கு முதல் நாள் தலைவலில பாதி நாள் வீண்.

சனிக்கிழமை காலைல ஐ-70 (டென்வர்ல இருந்து மலைக்குப் போற நெடுஞ்சாலை) டிராஃபிக் பத்தி சொன்னவங்க குறைச்சுத்தான் சொல்லியிருக்கீங்க. பூட்ஸ், ஸ்கீ வாடகை, பார்க்கிங் எல்லாம் தனி, அதையும் சேத்துக் கூட்டிப் பாருங்க. அடுத்த சீசனுக்கு வசந்தத்துலயே வாங்கிடப் போறோம், அப்பதான் விலை கம்மி.