சிக்னலில் நின்றாலே சூடாகும் பழைய எம்எக்ஸ்-5

கேள்வி:
என்னிடம் இருப்பது 1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 கார், 1.6 லிட்டர் இன்ஜின். நெடுஞ்சாலையில் எவ்வளவு விரட்டினாலும் இன்ஜின் சூடு காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது, ஆனால் டிராஃபிக்கில் பத்து நிமிடம் நின்றால் மேலே ஏறுகிறது, ஹீட்டரை முழுதாகத் திறந்தால் இறங்கிவிடுகிறது. தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப கூலன்டை, அதாவது குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்கு விடும் வால்வு) போன மாதம்தான் மாற்றினேன். ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் சீல்) போய்விட்டதோ?

பதில் 1:
அதற்குள் அங்கே போகாதீர்கள். ஓடும்போது சரி, நின்றால் சூடு என்றால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மேல்தான். பானெட்டுக்குள் டயக்னாஸ்டிக் பெட்டி இருக்கும். அதில் டிஎஃப்ஏ (TFA), ஜிஎன்டி (GND) என்று குறித்த இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்து இக்னிஷனை ஆன் செய்யுங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டாரும் ரிலேயும் நல்லவை, சூடானதும் ஃபேனை ஓட வைக்கும் தெர்மோ சுவிட்சைப் பாருங்கள். சுற்றாவிட்டால் ஃபியூஸிலிருந்து தொடங்குங்கள்.

பதில் 2:
ரேடியேட்டரின் மேல் தொட்டி என்ன நிறம்? கறுப்பு பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தால் அது எந்த நேரமும் விரிசல் விடலாம், என்னுடையது நடுரோட்டில் விட்டது. அப்புறம், தெர்மோஸ்டாட் மாற்றிய பிறகு கூலன்டில் இருந்த காற்றை முழுதாக வெளியேற்றினீர்களா? ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறிய பிறகு மட்டும் திறங்கள்.

பதில் 3:
கூலன்ட் குறைகிறதா, ரிசர்வ் டப்பாவில் குமிழி வருகிறதா? இரண்டும் இல்லை என்றால் கேஸ்கெட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

கேட்டவர்:
ஒயர் போட்டதும் ஃபேன் சுற்றியது! சுவிட்ச் பிளக்கின் முனை முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது, சுரண்டி மாட்டினேன், இருபது நிமிடம் ஐடிலில் விட்டும் முள் அசையவில்லை. ஆனால் தொட்டி நல்ல பழுப்பு. ரேடியேட்டர் ஆர்டர் போட்டாச்சு.