மினிமோக் மாதிரிக் கருவி: வாசிக்க வாசிக்கச் சுருதி இறங்குகிறது, யூ.எஸ்.பி குத்தினால் கீச்சுச் சத்தம். உதவி தேவை

கல்லடிக் கீபோர்ட்காரன்

எல்லோருக்கும் வணக்கம். சின்ன இசைக்குழு ஒன்றில் கீபோர்ட் வாசிக்கிறேன். கலியாண வீடு, கோயில், சில ஞாயிறுகளில் தேவாலயப் பாடகர் குழு, இவ்வளவுதான் என் உலகம். மச்சான் கட்டாரில் இருந்து வரும்போது, பழைய மினிமோக் சிந்தசைசரைப் பார்த்துச் செய்த மேசைக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். பாவித்தது, மலிவு. கம்பனிப் பெயரை எழுதவில்லை. பிழை கருவியிலா என்னிலா என்று இன்னும் தெரியாது. சுரம் எழுப்புகிற ஒசிலேட்டர் மூன்று, அதன் தொனியை வடிகட்டுகிற பில்டர் ஒன்று. கட்டைகள் கிடையாது. எந்தக் கட்டையை அழுத்தினேன் என்ற செய்தியைக் கொண்டுபோகிற மிடி வயரை என் பழைய கீபோர்டில் இருந்து போட்டு வாசிக்கிறேன். லப்டொப்பில் இருந்து ஓட்ட வேண்டுமென்றால் யூ.எஸ்.பி.

சத்தம் என்றால் அப்படியொரு சத்தம். கீழ் ஸ்தாயியில் ஒரு கட்டையை அழுத்தினால் யன்னல் கண்ணாடி அதிரும். ஆனால் நான்கு பிரச்சினை.

போனில் ரியூனர் வைத்துச் சரிபார்த்துவிட்டுத் தொடங்கினால், முதல் கால் மணிநேரம் சுருதி அங்குமிங்கும் ஆடும். பிறகு நிலைக்கும். நிலைத்த பிறகும் வாசிக்க வாசிக்க இறங்கிவிடுகிறது. மேல் ஸ்தாயி வேறு ஒரு கணக்கில் நிற்கிறது. லப்டொப்பை யூ.எஸ்.பியில் குத்தினால் ஸ்பீக்கரில் 'கீ…' என்று ஒரு கீச்சுச் சத்தம். சார்ஜரைக் கழற்றினால் சத்தம் போய்விடும்.

போன கிழமை அம்மன் சடங்குக்கு வெளிமேடை. பாடுகிற அண்ணனுக்கு 5 கட்டை. ஹார்மோனியம் ஒரு சுருதியில், நான் ஒரு சுருதியில். வயலின்காரர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை, "போர்ட் போயிற்று" என்றார்கள். அடாப்டர் மாற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை.

வாவிக்கரை

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் மீனே பாடும் என்பார்கள், மீனே சுருதியோடு பாடுகிற ஊர், நீங்கள் இப்படி மானத்தை வாங்கலாமா! பகிடிக்குச் சொன்னேன் அண்ணா. நானும் இதே மாதிரி ஒன்று வாங்க யோசிக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

செங்கலடி சவுண்ட்

கீச்சுச் சத்தம் எர்த் பிரச்சினை. லப்டொப் சார்ஜர் பிளக்கில் எர்த் முள்ளுக்கு டேப் சுற்றிவிட்டுக் குத்துங்கள், சத்தம் நின்றுவிடும். நாங்கள் மேடையில் அப்படித்தான் செய்கிறோம்.

கல்முனை ரேடியோ

தம்பி, மேலே சொன்ன டேப் வேலையைச் செய்ய வேண்டாம். சத்தம் நிற்கும், உண்மை. என்றைக்காவது சார்ஜருக்குள் கரண்ட் ஒழுகினால், எர்த்துக்குப் போக வேண்டிய 230 வோல்ட் மைக் பிடித்துப் பாடுகிறவரின் கையால் போகும். மழை பெய்து நனைந்த மேடையில் நிற்கிற ஆட்கள் நாங்கள்.

அந்தச் சத்தம் வருகிற வழி இதுதான். லப்டொப்பும் மிக்சரும் தங்கள் தங்கள் பிளக்கால் ஒரே எர்த்தில் நிற்கின்றன. நீங்கள் யூ.எஸ்.பி குத்தியதும், கருவி வழியாக இரண்டுக்கும் இடையில் இன்னொரு பாதை உண்டாகிவிடுகிறது. சார்ஜரின் இரைச்சல் அந்த வட்டத்துக்குள் ஓடி ஓடியோ வயருக்குள் ஏறுகிறது. 'ம்…' என்று அடிக்குரலில் இரைந்தால் அது கரண்டின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல். கீச்சென்று வந்தால் பெரும்பாலும் லப்டொப்பின் வேலை.

வட்டத்தை யூ.எஸ்.பி பக்கத்தில் வெட்டுங்கள். அஞ்சு முள்ளு மிடி சொக்கட் இருக்கிறதல்லவா? மிடி வாங்குகிற பக்கத்தில் ஒப்டோகப்ளர் வைக்க வேண்டும் என்பது 1983இல் மிடி வந்த நாளில் இருந்தே உள்ள விதி. உள்ளே ஒரு சின்ன விளக்கு மினுங்கும், எதிரில் இருக்கிற சென்சர் அதைப் பார்க்கும். செய்தி போகும், கரண்ட் போகாது. ஆகவே லப்டொப்பில் ஒரு யூ.எஸ்.பி–மிடி இடைவயர் வைத்து, அங்கிருந்து அஞ்சு முள்ளு வயரில் கருவிக்குப் போங்கள்.

சுருதிக் கதை பெரியது. அதற்கு முன் ஒரு சோதனை செய்து சொல்லுங்கள். பேன் காற்று நேரே படாத இடத்தில் கருவியை வைத்து அரை மணிநேரம் சும்மா ஓட விடுங்கள். சத்தத்தைத் தானாக ஆட்டுகிற மொடுலேஷன் முழுக்கப் பூச்சியம். மிக்சர் பகுதியில் ஒரு ஒசிலேட்டரை மட்டும் திறந்து ரியூனரில் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மற்ற இரண்டையும் அதேபோல் தனித்தனியாக. மூன்றாவதற்குக் கட்டையைப் பின்தொடரும் சுவிட்ச் தனியாக உண்டு, அது போட்டிருக்க வேண்டும். ஒரு மணிநேரம் வழமைபோல் வாசித்துவிட்டு, நான்கு ஸ்தாயியிலும் 'ஸி' கட்டையை அழுத்தி, எத்தனை சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) விலகல் என்று மூன்றுக்கும் எழுதுங்கள். மறுகா பேசுவோம்.

அக்கரைப்பற்று 88

இவ்வளவு பாடு எதற்கு? லப்டொப்பில் ஒரு பிளக்இன் மென்பொருள் போட்டால் சுருதியும் விலகாது, எர்த்தும் வேண்டாம். இதே சத்தம்.

ரொறொன்ரோ மாமா

பிளக்இன் நல்லது, நானும் பாவிக்கிறேன். ஆனால் பாட்டு நடுவில் பில்டர் குமிழைக் கையால் திருப்புகிற ஒருவரை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். மவுசால் அது வராது.

தம்பிக்குக் கொஞ்சம் பின்கதை சொன்னால் ஆறுதலாக இருக்கும். முதலில், பலர் 'மூக்' என்கிறார்கள். ரொபர்ட் மோக் தன் பெயரை 'மோக்' என்றுதான் சொன்னார். நீங்கள் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். மினிமோக் 1970இல் வந்தது, 44 கட்டை, 1981 வரை செய்தார்கள். அந்த அசல் கருவியும் சுருதி நகர்வதற்குப் பேர்போனது, அதிலும் ஆரம்பத்தில் வந்தவை. மேடைக்குப் போகும் முன் சூடேற்றி, பாட்டுக்குப் பாட்டு சுருதி பார்த்துத்தான் வாசித்தார்கள். வீணைக்காரர் கச்சேரி நடுவில் பிரடையைத் திருகுவதில்லையா, அதுபோல.

இப்போது மலிவாக வருவதற்குக் காரணம் ஏமாற்று ஒன்றும் இல்லை. மினிமோக்கில் இருக்கிற, ட்ரான்சிஸ்டர்களை ஏணிப்படிபோல் அடுக்கிய பில்டரின் காப்புரிமை 1969இல் கொடுக்கப்பட்டது, எப்போதோ முடிந்துவிட்டது. அரிசிமணியை விடச் சின்ன பாகங்களை மெசின் ஒட்டுகிறது. கட்டைகளும் மரப் பெட்டியும் கழிந்துவிட்டன, பணத்தில் ஒரு பங்கு அங்கேதான் போகும். சுற்று மட்டும் பழைய வழியிலேயே இருக்கிறது, அதனால் பழைய குணமும் கூடவே வருகிறது. நான் இதுபோல் மூன்று வைத்திருக்கிறேன். மனைவிக்குத் தெரிந்தது இரண்டு.

கல்லடிக் கீபோர்ட்காரன்

சோதனை செய்துவிட்டேன். ஒரு மணிநேரம் வாசித்த பிறகு:

முதலாவது ஒசிலேட்டர் நான்கு ஸ்தாயியிலும் 19 சென்ட் குறைவு. இரண்டாவதும் அதே 19, ஒரு இடத்தில் மட்டும் 18. மூன்றாவது கீழ் 'ஸி'யில் 19 குறைவு, அடுத்ததில் 15, அடுத்ததில் 10, மேலே 6.

இன்னொன்று, சொல்ல மறந்துவிட்டேன். கருவியை நிறுத்தி உடனே போட்டால் சுருதி சரியாகிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே கதை.

கல்முனை ரேடியோ

தம்பி, இதை முதலே சொல்லியிருந்தால் ஒரு நாள் மிச்சம்.

சூட்டால் வருகிற பிழை எப்படி இருக்கும் என்று முதலில் பார்ப்போம். ஒரு ஸ்தாயி மேலே போவது என்றால் அதிர்வு இரட்டிப்பாவது: 440, 880, 1760. ஆனால் கருவிக்குள் கட்டைக்காக வருகிற வோல்ட் சமபடியாக ஏறும், ஸ்தாயிக்கு 1 வோல்ட். சமபடியை இரட்டிப்பாக்கித் தருவது ஒரு ட்ரான்சிஸ்டர். அறைச் சூட்டில் அதன் இரண்டு கால்களான பேஸுக்கும் எமிற்றருக்கும் இடையில் 18 மில்லிவோல்ட் கூடினால் கரண்ட் இரட்டிப்பாகும். இந்த 18 நிலையானதல்ல, 1 பாகை செல்சியசுக்கு ஏறக்குறைய 0.33 சதவீதம் மாறும். ஈடு செய்யாமல் விட்டால், ஸ்தாயி ஒன்றுக்கு, பாகை ஒன்றுக்கு 4 சென்ட் விலகும். கச்சான் காற்று வீசுகிற பின்னேரத்துக்கும் இரவுக்கும் இடையில் 5 பாகை மாறினால் ஒரு ஸ்தாயி தள்ளி 20 சென்ட், இரண்டு ஸ்தாயி தள்ளி 40. அதனால்தான் ட்ரான்சிஸ்டரைச் சோடியாகப் போட்டு, சூட்டோடு சேர்ந்து மாறுகிற ரெசிஸ்டர் ஒன்றையும் பக்கத்தில் வைப்பார்கள். பேன் காற்று ஒன்றில் பட்டு மற்றதில் படாவிட்டால் அந்த ஈடு பிழைத்துப்போகும். உங்கள் முதல் கால் மணிநேர ஆட்டம் இதுதான். அது நோய் இல்லை.

ஆனால் அந்த 19 சென்ட் அப்படி இல்லை. சூட்டுப் பிழை ஸ்தாயிக்கு ஸ்தாயி வளர வேண்டும். இது முதல் இரண்டிலும் எங்கும் ஒரே அளவு. மூன்றாவதும் கீழ் 'ஸி'யில் அதே 19, மேலே அது மாறுவதைப் பிறகு பார்ப்போம். மூன்று ஒசிலேட்டரும் சொல்லிவைத்ததுபோல் சேர்ந்து இறங்குகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுத்திப் போட்டதும் சரியாகிறது. சூடான பலகை ஒரு செக்கனில் ஆறுமா? ஆறாது. ஒரு செக்கனில் அழிவது ஞாபகத்தில் இருக்கிற ஏதோ ஒரு எண்.

கீபோர்டில் சுருதி வளைக்கிற வீல் இருக்கிறதா? அதைப் பாட்டில் பாவிக்கிறீர்களா? கீபோர்டின் மிடி வயரை அந்த இடைவயரால் லப்டொப்பில் கொடுத்து, வருகிற செய்தியைக் காட்டும் மிடி மொனிட்டர் இலவசமாகக் கிடைக்கும், அதைத் திறவுங்கள். வீலை ஆட்டிவிட்டுக் கையை எடுங்கள். நடு நிலையின் எண் 8192. உங்களுடையது என்ன காட்டுகிறது?

கல்லடிக் கீபோர்ட்காரன்

7424!!

கமகத்துக்காக அந்த வீலைப் பாட்டுக்குப் பத்துத் தடவை தொடுவேன்.

கல்முனை ரேடியோ

கணக்கைப் பாருங்கள். 8192இல் இருந்து 768 குறைவு. வீலின் எல்லை இரண்டு அரைச்சுரம், அதாவது 200 சென்ட் என்றால், 768ஐ 8192ஆல் பிரித்து 200ஆல் பெருக்க, 18.75. உங்கள் 19 சென்ட் வந்துவிட்டது.

வீல் திரும்பி வருகிறது, ஆனால் முழுதாக வரவில்லை. கடைசியாக வந்த எண்ணைக் கருவி பிடித்துக்கொண்டிருக்கிறது. மிடி வயரைக் கழற்றினாலும் அது போகாது, கரண்டை நிறுத்தினால்தான் போகும். கருவி சொன்னதைச் செய்த பிள்ளை, பிழை சொன்னவரிடம். கடற்கரையில் இருந்து எத்தனை மீற்றர் உங்கள் வீடு? கீபோர்டைத் திறந்தால் அந்த வீலின் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும். உப்புக் காற்று மிக்சர் சொக்கட்டையே தின்கிறது, ஸ்பிரிங் எம்மாத்திரம்.

வாவிக்கரை

அப்ப டவுனில் சொன்ன 'போர்ட் போயிற்று'?

கல்முனை ரேடியோ

எந்த போர்ட் என்று அவர்கள் சொல்லவில்லையே. கீபோர்ட் என்றால் சரிதான்.

திருக்கோவில் பாஸ்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் கோர்க் எம்.எஸ்.-20 மினி சிந்தசைசர் இருக்கிறது. நண்பரின் மினிமோக் மாதிரிக் கருவியோடு வோல்ட் வயரால் இணைத்தால் சுருதி சேரவே இல்லை. எனக்கும் வீல்தானா?

ரொறொன்ரோ மாமா

உங்களுக்கு வீல் இல்லை, மொழி வேறு. 1978 எம்.எஸ்.-20 ஸ்தாயிக்கு 1 வோல்ட் முறையில் வந்ததல்ல. அதில் ஸ்தாயி ஏற ஏற வோல்ட் இரட்டிக்கும்: 1, 2, 4, 8. 2013இல் வந்த மினியும் அசலைப் பின்பற்றி அப்படியே. சுரத்தைத் தொடங்கு என்று சொல்கிற ட்ரிகரும் எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். இரண்டையும் மிடியால் ஓட்டுங்கள், தலையிடி இல்லை.

கல்லடிக் கீபோர்ட்காரன்

திறந்தேன். ஸ்பிரிங் செங்கல் நிறம். புதிது கிடைக்கவில்லை, பழுதான பிரிண்டர் ஒன்றில் இருந்து கழற்றிய ஸ்பிரிங்கை அளவுக்கு வெட்டிப் போட்டேன். உள்ளே கொன்டக்ட் கிளீனரும் அடித்தேன். இப்போது 8192. இரண்டு மணிநேரம் வாசித்தேன், முதலாவதும் இரண்டாவதும் 2 சென்டுக்கு மேல் அசையவில்லை. மிடி இடைவயரால் கீச்சுச் சத்தமும் போய்விட்டது.

மூன்றாவது ஒசிலேட்டர் மட்டும் மேலே போகப் போக 4, 9, 13 என்று கூடுகிறது. உள்ளே திருகி இருக்கிறதாமே, திருகலாமா?

கல்முனை ரேடியோ

அதுதான் உண்மையான பிழை, சின்னது. ஸ்தாயி அளவைச் சரிசெய்யும் டிரிம்மர் உள்ளே உண்டு. ஆனால் மூடியைத் திறந்தவுடன் பலகை ஆறிவிடும். நீங்கள் சரிசெய்தது மூடினதும் மாறும். சூடாக்கி, கொஞ்சம் திருகி, மூடி, காத்திருந்து, பார்த்து, திரும்பத் திறந்து என்று ஒரு பின்னேரம் முழுக்கப் போகும். பிளாஸ்டிக் முனைத் திருகாணிச் சாவி வேண்டும். நிகழ்ச்சி கிட்ட இருந்தால் இப்போது தொட வேண்டாம்.

ரொறொன்ரோ மாமா

ஆமோதிக்கிறேன். மினிமோக்கில் மூன்றாவதைப் பலர் சுருதிக்கே வைப்பதில்லை. கீழே இறக்கி, மற்றவற்றை மெதுவாக ஆட்டுவதற்கு வைப்பார்கள். அல்லது பாஸுக்கு '32 அடி' என்று போட்டிருக்கிற கீழ் ஸ்தாயி நிலையில் வைத்து, சுருதி சேர்த்துக் கீழே மட்டும் வாசியுங்கள், அங்கே விலகல் பெரிதாகத் தெரியாது.

கல்லடிக் கீபோர்ட்காரன்

சரி அண்ணா, சரி மாமா. சனிக்கிழமை ஆரையம்பதியில் கலியாணம். அரை மணிநேரம் முன்னமே போட்டுவிடுகிறேன், பேனைப் பாடகர் பக்கம் திருப்பிவிடுகிறேன். வயலின்காரரிடம் ஸ்பிரிங் கதையைச் சொன்னேன். "முதலில் வாசி, பிறகு நம்புறன்" என்றார்.

வாவிக்கரை

போகும்போது அந்த பிரிண்டரில் மிச்சம் இருக்கிற ஸ்பிரிங்கையும் எடுத்துக்கொண்டு போங்கோ.