தங்கச்சியின்ர கட்டுரைக்கு ஒரு யோசனை சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே, யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். தங்கச்சி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறாள். காமன் ஆப் (கன பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான ஒரே விண்ணப்பம்) கட்டுரை, கூடினபட்சம் 650 சொல். அவள் எடுத்தது எங்கட வீட்டுச் சாதிக் கதை.

எங்களுக்கு மூக்குப்பேணியில தேத்தண்ணி, வேலி அடைக்க வாறவருக்குச் சிரட்டையில. அம்மம்மா அப்பிடித்தான் குடுத்தவ. ஏழு வயசில தங்கச்சி அந்தச் சிரட்டையைக் கழுவி எங்கட பேணியளோட கவிட்டு வைச்சு அடி வாங்கினவள். ஒடுக்கப்பட்ட சாதி ஆக்கள் கோயிலுக்குள்ள போக உரிமை கேட்டு 1968இல மாவிட்டபுரத்தில நடத்தின ஆலயப் பிரவேசப் போராட்டத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறாள்.

குடும்ப மானம் போகுது எண்டு அம்மா அழுறா. எனக்குப் பயம் வேற: வரலாறு கூடினா அவள் எங்க நிக்கிறாள்? அந்த அடியில இருந்து தொடங்கு எண்டு சொன்னன்.

இப்பிடி எழுதி அனுப்பின ஆக்கள் இருக்கிறியளோ? மாவிட்டபுரத்தை வெட்டட்டோ, விடட்டோ?